எந்த ஊர்த் தண்டவாளம்?

எங்கள் பள்ளிக்கூடத்து மணி ஒரு தண்டவாளத் துண்டு. எண்பதுகளில் பாலக்கோடு பக்கம் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது, பல பள்ளிகளில் அப்படித்தான். தாழ்வாரத்து உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். முதல் பீரியடுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு என்று அட்டெண்டர் இரும்புக் கோலால் அடிப்பார். சாயங்காலம் லாங் பெல். எங்கேயாவது அந்த ஓசை காதில் விழுந்தால் இன்றைக்கும் என் கை புத்தகப் பையைத் தேடும்.

சில வருஷங்களுக்கு முன்னால் பள்ளிக்கு மின்சார மணி வந்தது. பழைய மணியை உடைந்த பெஞ்சுக் கால்கள், ஓட்டை வாளிகளோடு சேர்த்து ஏலம் விட்டுவிட்டார்கள். எனக்குச் சேதி எட்டியபோது இரண்டு வாரம் ஆகியிருந்தது. தருமபுரியில் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கி, மூன்றாவது கடையில் கண்டுபிடித்தேன். கம்பி கோத்த ஓட்டையும், அடிபட்டு அடிபட்டு வழவழவென்று பள்ளம் விழுந்த இடமும் அப்படியே இருந்தன. கடைக்காரர் அதைத் தூக்கித் தராசில் போட்டார். 9.5 கிலோ.

“இரும்பு விலைதான் சார். மணிக்குன்னு தனி ரேட்டு கிடையாது” என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்து பார்த்தேன். நீளம் 63 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு மீட்டருக்கு 15 கிலோ வருகிறது. இன்றைக்குத் தருமபுரி ஸ்டேஷனில் கிடக்கிற தண்டவாளம் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ ரகம். அதில் இதே நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினால் 33 கிலோவாவது இருக்கும், அட்டெண்டர் ஒற்றை ஆளாகத் தூக்கிக் கட்டியிருக்க முடியாது. நான் சின்னப் பையனாகப் போன மீட்டர் கேஜ் ரயிலின் தண்டவாளமும் இதைவிடக் கனம்தான். 15 கிலோ என்பது பழைய கணக்கில் கஜத்துக்கு 30 பவுண்டு. அவ்வளவு மெல்லிய தண்டவாளத்தில் ஓடக்கூடியது சின்ன ரயில்தான்.

தாத்தா அதைத்தான் சொன்னார். நான் ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தவர், அந்த மணியைப் பார்த்துவிட்டு, “இது நம்ம ரயிலோட ரோதை ஓடின கம்பி” என்றார். எந்த ரயில், எங்கே ஓடியது, இந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாறுவேடப் போட்டியில் எனக்கு வேலை இருந்தது. தாத்தா 1998இல் போய்விட்டார். இந்தக் கட்டுரை முழுக்கவே அன்றைக்கு நான் கேட்காமல் விட்டதற்கான தண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ரயில் என்று அவர் சொன்னது மொரப்பூர் – தருமபுரி – ஓசூர் நேரோ கேஜ் பாதையை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். ஒரு சராசரி ஆள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொள்ளலாம். மொரப்பூரிலிருந்து தருமபுரி வரைக்கும் 1906 ஜனவரியில் திறந்தார்கள். 1913இல் பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கமாக ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் இந்த இடத்தில் சும்மா இருக்க மாட்டார்கள், அவர்களுக்குத் திருப்பத்தூரிலிருந்து இதே அகலத்தில் ஒரு பாதை 1905 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. எங்களைவிட நாலு மாசம் மூப்பு. என் மைத்துனர் கிருஷ்ணகிரி. இந்த நாலு மாசத்தை அவர் எந்தக் கல்யாணப் பந்தியிலும் விட்டுக்கொடுத்ததில்லை. “இப்போ உங்க ஊருல ஸ்டேஷன் எங்கே இருக்கு மாமா?” என்று கேட்டால்தான் அடங்குவார். மாவட்டத் தலைநகராகிவிட்ட ஊர். ஓசூரிலும் சாமல்பட்டியிலும் ரயில் நிற்கிறது, கிருஷ்ணகிரி டவுனில் இன்றைக்கும் ரயில் கிடையாது.

இந்த இரண்டு பாதைகளும் பஞ்சத்தின் பிள்ளைகள். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, 1876–78, அதில் அன்றைய சேலம் மாவட்டம் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. 1871 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர் இருந்தார்கள். 1881இல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் ஏற வேண்டிய தலைக்கணக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் இறங்கியிருக்கிறது. அந்தப் பஞ்சத்தின்போதே ஜோலார்பேட்டை – சேலம் பெரிய பாதை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது மொரப்பூர் வழியாகக் கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டது. தருமபுரிக்கு அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். புல்லும் தண்ணீரும் இல்லாத வருஷத்தில் மாட்டு வண்டிக்கு 30 கிலோமீட்டர் என்பது வேற்று தேசம் மாதிரி, ஸ்டேஷன் வரைக்கும் வந்த தானியத்தை ஊருக்குள் இழுத்துவர மாடு உயிரோடு இருக்க வேண்டுமே. அடுத்த பஞ்சத்துக்குள் கிளைப் பாதைகள் வேண்டும் என்று கமிஷன் உட்கார்ந்து எழுதியது. வந்துசேர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. பஞ்சக் காப்பு ரயில் என்று அதற்குப் பெயர். லாபம் பார்த்துப் போட்டதல்ல. அதனால்தான் அவ்வளவு குறுகலாக, அவ்வளவு மலிவாகப் போட்டார்கள்.

மலிவில் ஒரு வினை உண்டு. மொரப்பூரில் பெரிய பாதையின் அகலம் ஐந்தரை அடி, சின்னப் பாதை இரண்டரை அடி. ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. தருமபுரியில் ஏற்றிய புளி மூட்டை மொரப்பூரில் இறங்கி, முதுகு மாறி, பெரிய வண்டியில் ஏறினால்தான் சேலம் போகும். தாத்தாவின் அண்ணன் கொஞ்ச நாள் அந்த மூட்டை மாற்றும் வேலைக்குப் போயிருக்கிறார். கோடையில் புளி மூட்டை கசிந்து முதுகில் ஒட்டும், வீட்டுக்கு வந்தால் சட்டையைத் தனியாகக் கழற்ற முடியாது, தண்ணீர் ஊற்றித்தான் உரிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இந்தக் கூலியும் நேரமும் சேர்ந்துதான் பின்னால் வினையாயிற்று. முப்பதுகளில் பஸ்ஸும் லாரியும் வந்தபோது அவை வீட்டு வாசலில் ஏற்றி மண்டி வாசலில் இறக்கின. நடுவில் முதுகு மாற்றுகிற வேலை இல்லை.

ஓடிக்கொண்டிருக்கிற ரயிலிலிருந்து இறங்கி, காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்ளலாம் என்ற கதையையும் தாத்தா சொல்லியிருக்கிறார். சின்ன ரயில் ஓடிய ஊர் எல்லாவற்றிலும் இந்தக் கதை இருக்கிறது. சிலர் இறங்கி மாங்காய் பறிப்பார்கள், சிலர் மோர் குடிப்பார்கள். மேட்டில் ஏறும்போது வேண்டுமானால் நடந்திருக்கலாம். புளிச் சட்டையை நம்புகிற அளவுக்கு இதை நான் நம்பவில்லை.

1941இல் இரண்டு பாதைகளையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இந்தியா முழுக்க இப்படிப் பல கிளைப் பாதைகளைப் பிடுங்கினார்கள், மத்திய கிழக்குப் போர்முனைக்கே கப்பலில் தண்டவாளம் போயிற்று. தருமபுரிக்கு மறுபடி ரயில் வந்தது அறுபதுகளில், சேலம் – பெங்களூர் மீட்டர் கேஜாக. தொண்ணூறுகளில் அது பிராட் கேஜ் ஆனது. நடுவில் ஏறத்தாழ ஒரு தலைமுறை ரயில் சத்தமே இல்லாமல் வளர்ந்தது. அப்பா அந்தத் தலைமுறை. அதனால்தானோ என்னவோ அவருக்கு ரயில் என்றாலே அலட்சியம், எங்கே போவதென்றாலும் பஸ்தான்.

சரி, இந்தத் துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திருச்சியில் ரயில் அருங்காட்சியகம் 2014இல் திறந்தார்கள். ஒரு வேலையாக அங்கே போனபோது நுழைந்தேன். போகக் காரணமும் இருந்தது. 1908 முதல் எங்கள் பக்கத்துப் பாதைகள் சவுத் இந்தியன் ரயில்வேயின் கைக்குப் போயின, அந்தக் கம்பெனிக்குத் திருச்சிதான் தலைமையிடம். பழைய கடிகாரங்கள், கைவிளக்குகள், மணிகள், வரைபடங்கள் என்று நன்றாகவே வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கலாம். நான் தருமபுரியைத் தேடிக்கொண்டு நின்றேன். ஒரு கைவிளக்கு முன்னால் ரொம்ப நேரம். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கண்ணாடியைத் திருப்பிக்கொள்ளும் மண்ணெண்ணெய் விளக்கு. இது எந்த ஸ்டேஷனில் எரிந்தது, யார் திரி கத்தரித்தார், எந்த ராத்திரியில் சிவப்பைக் காட்டினார்? விளக்குக்குக் கீழே ‘கைவிளக்கு’ என்றால் கைவிளக்கு, அவ்வளவுதான். அது விளக்கு என்பது எனக்கே தெரிகிறதே.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. பெரிய அருங்காட்சியகம் ரயில் என்றால் என்ன என்று காட்டும். எங்கள் ஊருக்கு ரயில் என்னவாக இருந்தது என்று காட்டுவது அதன் வேலை இல்லை. அது ஊர்க்காரர்கள் வேலை.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்று எனக்குப் புரிந்தது தருமபுரி அகழ்வைப்பகத்தில். ரயிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அங்கே இருப்பவை நடுகற்கள். மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். தருமபுரி மாவட்டத்துக்கு இதில் தமிழ்நாட்டிலேயே பெரிய பெயர். கல்லில் வில்லும் குத்துவாளுமாக ஒரு ஆள், மேலே வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாரின் சேவகன், இன்ன ஊர்த் தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கல்தச்சனுக்குத் தெரிந்திருக்கிறது: ஆள் யார், எந்த ஊர், எதற்காக, எப்போது. வீரத்தைப் பாராட்டி ஒரு அடைமொழிகூட இல்லாத கற்கள் உண்டு. ஊர்ப் பெயரை விடுவது அபூர்வம்.

அந்தக் கல்லை வயலிலிருந்து எடுத்து வந்தவர்களும் அதே ஒழுங்கில் இது எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அது வெறும் செதுக்கிய கல். எந்த ஊர், எந்த ஓடைக்கரை என்று தெரிந்தால்தான் மாடு எந்தப் பக்கம் போயிற்று, எந்தப் பக்கத்து ஆள் வந்தான் என்று ஒரு வரைபடமே விரிகிறது.

வீட்டுக்கு வந்து என் 9.5 கிலோவை மறுபடி பார்த்தேன். தண்டவாளத்தின் நடு இடுப்பில் அதை உருக்கிய கம்பெனியின் பெயரையும் வருஷத்தையும் மேடான எழுத்தில் பதித்திருப்பார்கள். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் உரசினேன், சின்ன வயதில் நாணயத்துக்குச் செய்வோமே அப்படி. ஆங்கிலத்தில் ‘ஸ்டீல்’ என்ற சொல் முழுசாக வந்தது. அதற்கு அடுத்து ஒரு எழுத்தின் கால். அதற்கப்புறம் ரம்பம் போட்ட வெட்டு. வருஷம் இருந்திருக்க வேண்டிய இடத்தில்தான் மணிக்காக அறுத்திருக்கிறார்கள்.

எடை மட்டும் போதாதா என்றால் போதாது. கல்குவாரி தள்ளுவண்டிக்கும் அணை கட்டுகிற இடத்தில் மண் அள்ளுகிற டிராலிக்கும் இதே மெல்லிய தண்டவாளம்தான் போடுவார்கள். இது பெரிய ரயிலுடையது இல்லை என்று தராசு சொல்லும். நம்ம ரயிலுடையதுதானா என்பதை, கொண்டுவந்தவன் சொன்னால்தான் உண்டு. பள்ளியில் போய் சொத்துப் பதிவேட்டைக் கேட்டேன். பாவம், தேடி எடுத்துக் காட்டினார்கள். ‘இரும்பு மணி – 1’ என்று இருந்தது. கடைசிக் கலத்தில், ‘ஏலம் விடப்பட்டது’.

காகிதம் வேறு எங்காவது இருக்குமா என்று யோசித்தால் தலை சுற்றும். சவுத் இந்தியன் ரயில்வே 1951இல் தெற்கு ரயில்வேயில் கரைந்தது, அதற்குத் தலைமையிடம் சென்னை. தருமபுரி ஸ்டேஷன் இன்றைக்குத் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டத்தில் இருக்கிறது, அதற்குத் தலைமையிடம் ஹுப்ளி. மொரப்பூரோ தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். நிலம் எடுத்த விவகாரம் வருவாய்த் துறை, அது அன்றைக்குச் சேலம் ஜில்லா. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். மாகாண அரசின் பழைய ஆணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் போக வேண்டும். ஒரு சின்ன ரயிலின் கதையைப் படிக்க நாலு ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது, அதில் ஒன்று கர்நாடகாவில்.

ஆகவே எங்கள் ஊரில் ரயில் அருங்காட்சியகம் வேண்டும் என்று யாராவது சொன்னால், மைதானத்தில் ஒரு இஞ்சினுக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தப் பாதையில் ஓடிய இஞ்சினை எங்கே போய்த் தேடுவது? வேறு ஊர் இஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தினால் செல்ஃபி எடுக்கலாம். ஒரு அறை போதும், ஒரு பீரோ போதும். பொருள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எழுதின சீட்டு மட்டும் கட்டாயம்.

அறையும் பீரோவும் என் கையில் இல்லை. நோட்டு இருந்தது. நீளமான கணக்கு நோட்டு, 200 பக்கம். கலம் போட்டேன்: பொருள், இருக்கும் இடம், வந்த இடம், கொண்டுவந்தவர், சொன்னவர், தேதி. ‘சொன்னவர்’ என்ற கலத்தைப் பற்றித்தான் ரொம்ப யோசித்தேன். கண்ணால் பார்த்ததா, அப்பா சொல்லிக் கேட்டதா, டீக்கடையில் காதில் விழுந்ததா என்பதை அங்கே எழுதிவிடுவேன். முதல் பதிவு என் மணி. வந்த இடம் என்ற கட்டம் காலி. சொன்னவர்: தாத்தா, விவரம் கேட்கப்படவில்லை.

பொருளை யாரிடமிருந்தும் வாங்குவதில்லை, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இப்போது நோட்டில் 31 பதிவுகள். மாட்டுக் கொட்டகை உத்தரம், மாரியம்மன் கோயில் தேர் நிறுத்துகிற முளை, வேலிக்கு நட்ட ஆறு துண்டுகள். ஒரு டீக்கடைக்காரர் காட்டியது அட்டை டிக்கெட். மீட்டர் கேஜ் காலத்தது, தருமபுரியிலிருந்து சேலத்துக்கு. கட்டைவிரல் அகலம், மூன்று விரற்கடை நீளம், ஓரத்தில் டிக்கெட் பரிசோதகர் கடித்த அரைவட்டம். தேதி அச்சு அட்டையில் அழுந்திய தடம் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரிகிறது. கவுண்டரில் டிக்கெட்டை அந்தக் கருவிக்குள் நுழைத்து இழுக்கும்போது ‘டடக்’ என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டவர்களுக்கு அந்தத் தடம் போதும். ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷன் வாயிலில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய டிக்கெட் அது. எப்படி அவரிடம் தங்கியது என்று கேட்டேன். பெண் பார்க்கப் போய் வந்த நாள், கொடுக்க மனசு வரவில்லை என்றார். கொண்டுவந்தவர் என்ற கலத்தில் அதையும் எழுதிக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். மொரப்பூர் – தருமபுரிக்கு மறுபடி பாதை போடுகிறார்கள். 36 கிலோமீட்டர், இந்த முறை பிராட் கேஜ், 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் கொடுத்தவர்கள் வீட்டில் நோட்டீஸ் இருக்கும், அளவுப் படம் இருக்கும், ஆட்சேபணை மனுவின் நகல் இருக்கும். தயவு செய்து அதை எடைக்குப் போடாதீர்கள். 1905இல் நிலம் கொடுத்தவன் வீட்டுக் காகிதம் ஒன்றாவது கிடைக்குமா என்று நான் மூன்று வருஷமாகத் தேடுகிறேன், இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2019இன் காகிதம் இன்னும் பீரோவிலேயே இருக்கிறது, தேடவே வேண்டாம்.

31ஆவது பதிவு போன மாசம் எழுதியது. பாலக்கோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். பாழ்கிணறு, குறுக்கே ஒரு தண்டவாளம், அதில் ராட்டினம் தொங்கிய கொக்கி இன்னும் இருக்கிறது. வீட்டு ஆயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மணைப்பலகையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் நாடா வைத்து அளந்ததை எல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னா கண்ணு எழுதுன, படி” என்றார்.

படித்தேன். வந்த இடம்: பாலக்கோடு பழைய ரயிலடி.

“ரயிலடின்னு யாரு சொன்னா உனக்கு? ஓடைப் பாலத்து மேல கெடந்தது அது. எங்க மாமனாரு வண்டி கட்டினு போயி எடுத்தாந்தாரு. ரெண்டு கம்பி. இன்னொண்ணு கொட்டாயில இருக்குது, அதையும் எழுது.”

அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். கொண்டுவந்தவர், மாமனார். சொன்னவர், மருமகள், கேட்டது. மறுபடி படிக்கச் சொன்னார், படித்தேன். புளியை ஒதுக்கி வைத்துவிட்டு நோட்டை வாங்கி, எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஏலத்துல காசு கொடுத்து எடுத்ததுன்னு போடு. வெறுமனே எடுத்தாந்தாருன்னு போட்டா, நாளைக்குப் படிக்கிறவன் திருடுனதுன்னு நெனச்சிக்குவான்.”

“எவ்ளோ காசு ஆயா?”

“அதை நான் என்னத்தைக் கண்டேன்? நான் அப்போ பொறக்கவே இல்ல.”

விலை தெரியவில்லை என்று எழுதப் போனேன். வேண்டாம், ‘காசு கொடுத்து’ என்பதை மட்டும் கொஞ்சம் பெரிசாக எழுது என்றார். பெரிசாக எழுதிக் காட்டினேன்.